பத்துக்குப் பத்து

ஜூலை 3, 2024, புதன்

இன்று பன்னிரண்டாம் வகுப்பில் இயல்பு நோய்த்தடைகாப்பு நடத்தினேன். புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம்கூட இல்லை. தோல், கண்ணீர், காய்ச்சல், விழுங்கு செல்கள், கடைசியில் போனால் போகிறது என்று ஒரு வரி: இயற்கைக் கொல்லிச் செல்கள். ஒரே பீரியடில் முடித்துவிட்டு எது பரீட்சைக்கு வரும் என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்கும் அதுதான் வேண்டும்.

மாலையில் என் வீட்டுக்காரர் நஜ்முதீனைக் கூட்டிக்கொண்டு வடசேரி லேபுக்குப் போனேன். போன வருடம் எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகு மாதம் ஒருமுறை இந்த ரத்தப் பரிசோதனை உண்டு. இந்தத் தடவை ரத்தத் தட்டணு குறைவு. "லேபுக்காரன் தூக்கத்துல எண்ணியிருப்பான்" என்று இவர் சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து சாளைக் கறியில் உப்பு போதவில்லை என்று என்னோடு ஒரு சண்டை. சண்டை போடத் தெம்பு இருக்கிறதே, போதும்.

தட்டணு குறைவு. ஒன்றும் இருக்காது. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று அந்த ஒரு சொல்லுக்கு மேல் பேனா ஓடவில்லை.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் ஆனி டாக்டர் இவருடைய மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டார். ரத்தப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது. போன தடவை கதீஜா மைனிதான் மஜ்ஜை கொடுத்தாள். இவருடைய ஒரே அக்கா. உம்மா மௌத்தான பிறகு இவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தவள். பொருத்தம் பார்த்ததில் பத்துக்குப் பத்து. எங்கள் இடலாக்குடி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். "எங்க குடும்பத்துல வெளிய கட்டுகது இல்ல. அதான் ரத்தம் இப்பிடி ஒட்டுகு" என்று என்னை ஒரு பார்வை வேறு பார்த்தாள். மாமா மகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவர் கட்டிக்கொண்டு வந்த தேங்காய்ப்பட்டணத்துக்காரி நான். பஸ்ஸில் ஏறினால் மதியச் சோற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் மைனிக்கு நான் இன்றைக்கும் மேற்கேயிருந்து வந்த வெளியாள், மேக்கத்திக்காரிதான்.

பத்துக்குப் பத்து ஒட்டிய ரத்தம் ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை.

மைனியிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். போனில் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நான் திரும்பத் தாறேன். எடுக்கச் சொல்லு" என்றாள்.

ஜூலை 19, வெள்ளி

மருந்து ஏற்றுகிறார்கள். வாயெல்லாம் புண். தண்ணீர் குடிக்கக்கூட முகம் சுளிக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பார்க்க வருகிறவர்களைத் தடுத்து முடியவில்லை. இவருடைய ஹார்டுவேர் கடையில் ஆணி வாங்கினவர்கள் எல்லாம் ஆப்பிளோடு வேன் பிடித்து வருகிறார்கள். ஒருத்தர் இருமிக்கொண்டே வந்தார். "கண்ணுல ஒண்ணு கண்டுட்டுப் போறேன், டீச்சர்" என்றார். கண்ணாடி வழியாகக் கண்டுவிட்டுப் போங்கள் என்று கதவைச் சாத்திவிட்டேன். இனி ஊரில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கெட்ட செல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைந்துவிட்டனவாம். மூச்சு வந்தது. ஆனால் இது நிற்காது, சில வாரங்களுக்குள் இரண்டாம் முறை மஜ்ஜை மாற்ற வேண்டும், விட்டால் பிறகு மருந்துக்கு அடங்காது என்கிறார் டாக்டர்.

குடும்பத்தில் எல்லோருடைய ரத்தமும் வேண்டும் என்றார். மைனியின் மகன் பர்வேஸ் சார்ஜாவிலிருந்து அடுத்த விமானத்தில் வந்து இறங்கிவிட்டான். பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை, நேரே ஆஸ்பத்திரி. நல்ல பிள்ளை. எங்கள் மகள் ரிஃபாவும் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து கையை நீட்டினாள். பத்தொன்பது வயதாகியும் ஊசியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

பர்வேஸுக்கும் ரிஃபாவுக்கும் கல்யாணம் முடிக்க வேண்டும் என்பது மைனி வெகுநாள் முன்பே போட்ட கணக்கு. என்னிடம் யாரும் கேட்டதில்லை. ரிஃபாவிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பர்வேஸ் பத்துக்குப் பத்து!

அண்ணன் தம்பிக்குள்ளேயே லேசில் கிடைக்காத பொருத்தம் மருமகனுக்குக் கிடைத்திருக்கிறது. மைனியும் மாமா மகனைக் கட்டினவள் என்பதால் இப்படி வருமாம். மைனி உடனே நேர்ச்சை வைத்துவிட்டாள். இரண்டு செம்பு நெய்ச்சோறு ஆக்கி, ஃபாத்திஹா ஓதி, தெரு முழுக்கக் கொடுத்தாயிற்று. "எனக்க மகனுக்க ரத்தத்துல எனக்க தம்பி எழும்புவான்" என்று வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னாள். நானும் உட்கார்ந்து இலை துடைத்தேன். எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று யார் சொன்னது?

ரிஃபா பத்துக்கு ஐந்து. பிள்ளைகள் எப்போதும் பாதிதானே. அதை யாரும் இரண்டாம் தடவை கேட்கக்கூட இல்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஒழுங்காக எழுத வேண்டும்.

டாக்டர் பர்வேஸ் வேண்டாம் என்கிறார். மைனியும் வேண்டாமாம். ரிஃபா.

"டாக்டர், அவ அஞ்சுதானே?"

"அதே டீச்சர். அந்த மத்த அஞ்சு உங்களுடெ. அதுதான் எனிக்கு வேணும்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நான் ஒரு வரியில் தாண்டிப் போகிற அந்த இயற்கைக் கொல்லிச் செல்கள் இருக்கின்றனவே, அவற்றின் மேல் ஏற்பிகள் உண்டு. வழியில் படுகிற ஒவ்வொரு செல்லையும் அந்த ஏற்பிகளால் தொட்டுப் பார்க்கும். "நான் இந்த வீட்டு ஆள்" என்று சொல்லும் அடையாளம் அதன் மேல் இருந்தால் விட்டுவிடும். அடையாளத்தைக் காணோம் என்றால் கொல்லும். யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, பிறவியிலேயே உள்ள காவல். இந்த அடையாளத்தில் முக்கியமாக இரண்டு வகை. இவருடைய வாப்பாவும் உம்மாவும் சொந்தத்தில் கட்டினவர்கள், இரண்டு பேரும் ஒரே வகையைக் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கும் அதே வகை. பர்வேஸுக்கும் அதே. அதனால் அக்காவின் கொல்லிச் செல்கள் இவர் உடம்புக்குள் போய், புற்றுநோய்ச் செல்லைத் தொட்டுப் பார்த்து, "அட, நம்ம ஆளு" என்று விட்டுவிட்டன. பர்வேஸின் செல்களும் அதையேதான் செய்யும்.

ரிஃபாவிடம் வாப்பாவின் வகையும் இருக்கிறது, என் வகையும் இருக்கிறது. அவளுடைய கொல்லிச் செல்களில் ஒரு பங்கு என் வகையைத் தேடியே பழகினவை. இவருடைய புற்றுநோய்ச் செல்லில் அது இருக்காது. இல்லையென்றால் அடிக்கும்.

உறுதி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். எல்லா டாக்டரும் இதை ஒத்துக்கொள்வதும் இல்லையாம். பாதிப் பொருத்தத்தில் வேறு ஆபத்துகள் உண்டு. ரிஃபாவின் செல்கள் இவருடைய தோலையும் குடலையும் சேர்த்து அடிக்கலாம். "பட்சே ஒரு தடவ தோத்த வழியில திரும்பவும் போக எனிக்கு மனசில்லா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. இருபத்தியொரு வருடம் மேக்கத்திக்காரி மேக்கத்திக்காரி என்று கேட்ட காது. இப்போது அந்த மேக்கத்திப் பங்குதான் வேண்டுமாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மைனியிடம் நான் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தேன். கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டு ஆள் மட்டும் நின்றால், அந்தப் பக்கத்திலிருந்து வருகிற திருடனையும் சொந்தக்காரன் என்று உள்ளே விட்டுவிடுவான், பெண் வீட்டு ஆளும் ஒருத்தர் நிற்க வேண்டும் என்றேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"அப்பம் நாங்க திருடனுக்குக் கூட்டா? எனக்க எலும்புல ஊசி கேத்தி எடுத்துக் குடுத்தது திருட்டா, ஏட்டி?"

"மைனி, நான் அப்பிடிச் சொல்லல்ல..."

"பத்துக்குப் பத்து ரெண்டு பேரு நிக்கோம். பத்துக்கு அஞ்சு வேணும்னு எவனாவது கேப்பானா? நீ டீச்சர்தானே, அஞ்சு வாங்கினவளுக்கா முதல் ரேங்க் குடுப்பே?"

பர்வேஸ் குறுக்கே வந்தான். "உம்மா, டாக்டர் சொல்லுகதை..." முடிக்க விடவில்லை. கல்யாணம் ஆகாத பெண்பிள்ளை, நாளைக்குப் பிள்ளை பெற வேண்டியவள், அவள் உடம்பில் கை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்றாள். இந்தத் தடவை எலும்பிலிருந்து இல்லை, கை நரம்பிலிருந்து மிஷினில்தான் எடுக்கிறார்கள், பிள்ளை பெறுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எத்தனை தடவை சொல்ல?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தவர் கடைசியில் ஒன்று சொன்னார்: "அக்கா சொல்லுகதுதான் செரி. ரிஃபா வேண்டாம்."

ஆகஸ்ட் 26, திங்கள்

கஞ்சியைக் கட்டிலருகில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

இன்று வாயை விட்டுவிட்டேன். எப்படி அடக்க? காலையிலிருந்து அவர் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறார். டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், தேதி குறிக்க வேண்டும், தாமதிக்க முடியாது. என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"பெண்பிள்ளையைக் குத்திப் பிழிஞ்சு நான் இருக்கணுமா, மைமூன்? பர்வேஸ் போதும். இல்லேன்னா வேண்டாம்."

"உங்க அக்கா சொன்னா மௌத்துக்கும் சம்மதிச்சிருவீங்களா?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கழுத்தைப் பார்த்தால்... என்னத்த எழுத. அவ்வளவு மெலிந்துபோயிற்று. பயம் எனக்கு. பயந்தான் கோபமா வருது. இவர் போய்ட்டா நான் என்ன செய்வேன்? யாருகிட்ட போய் உப்புக்கு சண்டை போடுவேன்?

சத்தம் கேட்டு ரிஃபா வந்து நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. "எனக்க கையிலேருந்துதான் எடுக்காங்க. எனக்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள். "வாப்பா, நான் ஊசிக்குப் பயப்படுகேன். அது உண்மை. ஆனா தருவேன்."

அக்கா சம்மதிக்காமல் இவர் சம்மதிக்க மாட்டார். அது எனக்கும் தெரியும், ரிஃபாவுக்கும் தெரியும். அவருக்கு உம்மா, வாப்பா எல்லாம் அவள்தான்.

ஆகஸ்ட் 31, சனி

இன்றைய ரத்தத்தில் தட்டணு ஏறவில்லை. டாக்டர் பொறுமை இழக்கிறார். பர்வேஸாகவே இருக்கட்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அப்படியே செய்கிறேன், ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள் என்றார்.

எழுதிக் கொடுத்துவிடலாமா? ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு அதுவாவது மேல் இல்லையா? இந்த அடையாளம், ஏற்பி எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக் கதையாக இருந்துவிட்டால்? ரிஃபாவின் செல்கள் இவர் குடலை அரித்துக் கொன்றுவிட்டால்? அப்போது மைனி முகத்தில் எப்படி முழிப்பேன்? ரிஃபா முகத்தில்?

தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

மைனி போன் செய்தாள். "எனக்கு அந்த டாக்டரைக் காணணும். நீ சொல்லாண்டாம், நான் கேட்டுக்கிடுகேன்."

செப்டம்பர் 3, செவ்வாய்

காரில் நானும் மைனியும் மட்டும் போனோம். ஓட்டினது பர்வேஸ். களியக்காவிளை தாண்டியதும் மைனி பர்தாவைச் சரிசெய்துகொண்டு, பரீட்சைக்குப் போகிறவள் போல வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்.

"எனக்க செல்லு அவனுக்க உடம்புக்குள்ள போயி என்ன செய்துது? சும்மா இருந்துதா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: சும்மா இருக்கவில்லை, கதீஜாம்மா. நீங்கள் கொடுத்ததுதான் இவ்வளவு நாள் அவருக்கு ரத்தம் உண்டாக்கியது. காய்ச்சலிலிருந்து காத்தது. எல்லா வேலையும் செய்தது. ஒரு வேலை மட்டும் அதால் முடியவில்லை. புற்றுநோய்ச் செல் எதிரே வந்தபோது அது தொட்டுப் பார்த்தது. தம்பி என்று தெரிந்தது. தம்பியை அடிக்க அதற்குக் கை வரவில்லை. அதில் உங்கள் தப்பும் இல்லை, செல்லின் தப்பும் இல்லை.

மைனி ரிஃபாவுக்குப் பின்னால் கேடு வருமா என்று மட்டும் கேட்டாள். எலும்பு சில நாள் வலிக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். பிள்ளை பெறுவாளா? பெறுவாள்.

திரும்பும்போது நெய்யாற்றின்கரையில் நெரிசல். கார் நின்றது. மைனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள், என்னிடமா அவளுக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

"சின்னதுல அவன் கிணத்து மேல ஏறுவான். மாங்கா திருடுவான். வாப்பா பெல்ட்டை எடுப்பாரு. என்னை அடிக்கச் சொல்லுவாரு. நான் கையை ஓங்குவேன், எறங்காது. ஒரு நாளும் எனக்கு அவனை அடிக்க முடிஞ்சதில்ல, மைமூன்."

கார் நகர்ந்தது. பிறகு, "செரி. பிள்ளை அடிக்கட்டும்" என்றாள்.

முன் சீட்டில் பர்வேஸ் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். நான் மைனியின் மடியில் கை வைத்தேன். தள்ளிவிடவில்லை.

செப்டம்பர் 4, புதன்

சம்மதம். மைனி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இவரிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. வெளியே வந்து, "கையெழுத்துப் போடுவான். பேனாவை எடு" என்றாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மஜ்ஜைச் செல்களை ரத்தத்துக்கு இறக்க ரிஃபாவுக்கு ஐந்து நாளாக ஊசி. இடுப்பும் முதுகும் வலி. பாட்டைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு அறை எடுத்திருக்கிறோம். மைனியும் வந்துவிட்டாள். எல்லாப் பாத்திரத்தையும் கொதிக்க வைக்கிறாள், கரண்டியைக்கூட. ரிஃபாவின் முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கிறாள். அவளிடம் நான் ஒரு நாளும் பார்க்காத பொறுமை.

இவருக்குப் பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்து போகிறது. இனிப் பின்வாங்க முடியாது. ரிஃபாவுடையது பிடிக்கவில்லை என்றால் இவருக்கென்று ரத்தமே இல்லை. இதை நினைக்காமலிருக்க வேறு எதையாவது நினைக்கிறேன். கடைக்கு யார் பூட்டுப் போட்டார்கள், பன்னிரண்டாம் வகுப்புக்கு யார் பாடம் எடுக்கிறார்கள், இப்படி.

செப்டம்பர் 19, வியாழன்

ஏற்றிவிட்டார்கள். சிவப்பான ஒரு சின்னப் பை. இதற்காகவா இவ்வளவும் என்று தோன்றியது. ரிஃபா கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றாள். இவர் உள்ளே இருந்து கட்டைவிரலைக் காட்டினார். மைனி யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

காய்ச்சல். குறையவில்லை.

செப்டம்பர் 28, சனி

அதே.

செப்டம்பர் 30, திங்கள்

மூச்சுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். வெள்ளையணு இன்னும் பூஜ்யம்தான். டாக்டர் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, காகிதத்தைப் பார்த்துப் பேசுகிறார். எதை வைத்துச் சண்டை போடும் இந்த உடம்பு? உள்ளே காவலுக்கு ஒரு செல்கூட இல்லையே.

முகமூடி போட்டு என்னை உள்ளே விட்டார்கள். இவருக்கு நினைவு தெளிவாக இல்லை. "அக்கா" என்றார். நான் அக்கா இல்லை என்று சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து மைனியிடம் சொன்னேன், உங்களைத்தான் தேடுகிறார் என்று. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்கவில்லை.

ரிஃபா கேட்டாள்: "உம்மா, எனக்க செல்லுதான் பிடிக்கல்லியா?"

இந்தக் கேள்வியைப் பிள்ளை கேட்கக் கூடாது. யா அல்லாஹ், இதற்காகவா அவளைக் கொண்டுவந்து நிறுத்தினேன்?

அக்டோபர் 5, சனி

வெள்ளையணு வந்திருக்கிறது. கொஞ்சம். கொஞ்சம்தான். ஆனால் வந்திருக்கிறது. நர்ஸ் பிள்ளை ஓடி வந்து சொன்னாள். ரிஃபாவைக் கட்டிக்கொண்டு நான் சத்தமாக அழுதேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும்.

அக்டோபர் 9, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள். கஞ்சி குடித்தார். உப்பு இல்லை என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

சந்தோஷப்பட்டது பொறுக்கவில்லை. உள்ளங்கை, மார்பு, காது மடல் எல்லாம் சிவந்து தடித்துத் தோல் உரிகிறது. ரிஃபாவின் செல்கள் இவருடைய தோலையும் வெளியாள் என்று நினைத்து அடிக்கின்றன. டாக்டர் சொல்லியிருந்ததுதான். சொல்லியிருந்தால் மட்டும் பயம் போய்விடுமா? அடக்குவதற்கு மருந்து கூட்டியிருக்கிறார்கள். ரொம்ப அடக்கினால் புற்றுநோயை அடிக்கிறதும் நின்றுபோகும். அடக்காவிட்டால் இவரையே தின்னும். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று தினமும் காலையில் இவர் சட்டையைக் கழற்றிப் பார்க்கிறேன்.

மைனி வாடகை அறையில் கரண்டி கழுவிக்கொண்டே சொன்னாள்: "பிள்ளை இத்திரி பலமாத்தான் அடிக்கா." சிரித்துவிட்டேன். இவ்வளவு நாளில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

தடிப்பு குறைகிறது. வீட்டுக்கு வந்தாயிற்று. கேட்டில் "யாரும் உள்ளே வர வேண்டாம்" என்று அட்டை கட்டியிருக்கிறேன். எல்லோரும் அட்டையைப் படித்துவிட்டு உள்ளே வருகிறார்கள். கேட்டுக்குப் பூட்டு வாங்க ஆள் அனுப்பினேன், எங்கள் கடையிலிருந்தே.

ஜனவரி 22, 2025, புதன்

நாளை மஜ்ஜைப் பரிசோதனை முடிவு. பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினேன். இன்னொரு தடவை கழுவப் போகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

இல்லை. கெட்ட செல் ஒன்றுகூட இல்லை. மஜ்ஜையில் இருப்பதெல்லாம் ரிஃபாவின் செல்கள்.

டாக்டர் உடனே கையைத் தூக்கிக்காட்டினார். இது முடிவு இல்லை, இரண்டு வருடம் போக வேண்டும், கொல்லிச் செல்கள்தான் இதைச் செய்தன என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது என்றார். செய்ய வேண்டாம் டாக்டர் என்றேன். போன தடவை இதே நேரத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் ஒளிந்திருந்தது. இந்தத் தடவை இல்லை. எனக்கு இன்றைக்கு அது போதும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மைனி வந்தாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்து தானே தோசை பிய்த்துத் தின்பதைப் பார்த்தாள். நேரே அடுக்களைக்கு வந்துவிட்டாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மைமூன், பர்வேஸுக்கு நான் வேற எடம் பாக்கேன். நீ கோவப்படாத."

கை நின்றுவிட்டது. இதை நான் விரும்பித்தான் இருந்தேன், எத்தனையோ வருடமாக. ஆனாலும் கோபம் சுர்ரென்று வந்தது. "எனக்க பிள்ளைக்கு என்ன குறை கண்டீங்க, மைனி? அவளுக்க உடம்புல ஊசி ஏறினதா?"

"குறையா?" என்று என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "இந்தப் பிள்ளையை என் வீட்டுக்குக் கொண்டுபோணும்னு அவ பெறந்த அண்ணைக்கு நெனச்சதாக்கும். ஆனா நாளைக்கு அவ பெத்தது ஒண்ணு படுத்துச்சுன்னா? எல்லாரும் ஒரே ஆளா நின்னா யாரு அடிக்கது? இவளை வெளிய குடு. மேக்கயே பாரு. நல்ல தூரமாப் பாரு."

எனக்கு அழுகைதான் வந்தது. மைனி அழவில்லை. "மீனைக் கழுவு, ஈ மொய்க்குது" என்றாள்.

பர்வேஸுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், கேட்டதும் போனை வைத்துவிட்டான் என்றாள்.

புறப்படும்போது வாசலில் ரிஃபாவைக் கூப்பிட்டாள். பிறந்த நாளிலிருந்து அவளை "மருமவளே" என்றுதான் கூப்பிடுவாள், பேர் சொன்னதே கிடையாது. இன்று அவள் தலையில் கை வைத்து, "மகளே, போயிட்டு வாறேன்" என்றாள்.

ரிஃபாவுக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் எப்படியோ ஆனது. மைனி தெருமுனை திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள். இவளுக்கு அவனைப் பிடித்திருந்ததா? ஒரு தடவைகூட நான் கேட்கவே இல்லை.